மடிப்பிச்சைக்கு வந்த வள்ளூர்க் கீரை

நம்ம தெருவில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது நீங்கள் இரண்டு பேரும் சொம்பைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பீர்கள். பெரியவளுக்குக் கூழைவிடக் கலவைக் கீரைதான் உசத்தி. "இன்னும் கொஞ்சம் வைக்கா" என்று கரண்டி பிடித்திருக்கிற ஆளை விடமாட்டாள். சின்னவன் பாதியைக் குடித்து, மீதியைச் சட்டைக்கு ஊட்டுவான். அந்தக் கீரை நம்ம தெருவுக்குள் வரலாமா கூடாதா என்று ஒரு வருஷம் பெரிய ரகளை நடந்தது. பெரியவளுக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். சின்னவன் அப்போது அம்மாவின் இடுப்பை விட்டு இறங்காத வயசு. கீரைக்காரன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கீரை விளைவது உங்கள் மாமா வயலில், வள்ளூர்ப் பக்கம். அங்கே நின்றால் ஒரு பக்கம் வானத்தை முட்டுகிற அனல்மின் நிலையப் புகைக்கூண்டுகள் தெரியும். இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நடுவில் பச்சையாக ஒரு துண்டு நிலம். நான் பெண் பார்க்கப் போன அன்று முதலில் கண்ணில் பட்டது அந்தப் பச்சைதான். உங்கள் அம்மா அப்புறம்தான். இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள். சொன்னால், "அப்ப கீரையவே கட்டிக்கினு இருக்க வேண்டியதுதானே" என்பாள். ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

காலையில் மாமா கீரைக் கட்டுகளை அத்திப்பட்டில் ரயிலில் ஏற்றிக்கொண்டு வருவார். திருவொற்றியூரில் நான் இறக்கி, நம்ம மீன்பாடி வண்டியில் அடுக்குவேன். மூன்று சக்கர வண்டிதான். மீன் ஏற்றுவதற்கென்று செய்த வண்டியில் கீரை ஏற்றுவதால் நம்ம பக்கத்து ஆட்கள் என்னை மனுஷனாகவே மதிப்பதில்லை. பேர் சொல்லியும் கூப்பிட மாட்டார்கள். "இன்னா கீரை, சௌக்கியமா?" அவ்வளவுதான்.

தேரடிப் பக்கம் நுழைந்ததும் குரல் கொடுப்பேன். "அரைக்கீரேய், முளைக்கீரேய், சிறுகீரேய், வள்ளூர்க் கீரேய்!" நம்ம ஊர்ப் பெண்கள் கீரை வாங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? இலையை அப்புறம்தான் பார்ப்பார்கள். கட்டைத் தலைகீழாகப் பிடித்து வேரைப் பார்ப்பார்கள். வேரில் மண் ஈரமாக ஒட்டியிருந்தால் இன்றைக்குப் பறித்தது. மண் காய்ந்து உதிர்ந்தால் நேற்றுப் பறித்தது. மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் முகர்ந்துகூடப் பார்ப்பார்கள். வேர் தேறினால்தான் பையைத் திறப்பார்கள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பு ஒரு மழைக்காலத்தில் நின்றது. மாமா போன் பண்ணினார்.

"மாப்ளே, இன்னிக்குக் கட்டு வராது."

"ஏன் மச்சான், மழையா?"

"மழைதான். ஆனா தண்ணி கருப்பா கீது."

நான் போய்ப் பார்த்தேன். நிலக்கரி எரித்த சாம்பல் கரைந்த தண்ணீர், எங்கேயோ கரை உடைந்து, மழைத் தண்ணீரோடு சேர்ந்து வயலுக்குள் ஏறியிருந்தது. தண்ணீர் வடிந்ததும் பாத்தி பூராவும் சிமெண்டு பூசின மாதிரி ஆகிவிட்டது. கீரை தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. மாமா அதில் ஒரு இலையைக்கூட விற்கவில்லை. மொத்தத்தையும் பிடுங்கிப் பள்ளத்தில் போட்டு மூடினார். ஆனால் சேதி நமக்கு முன்னால் திருவொற்றியூர் வந்து சேர்ந்துவிட்டது. நான் கோயம்பேட்டுக் கீரையை வாங்கி வந்து விற்றபோதுகூட, "சாம்பக் கீரை இல்லியே?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டார்கள். அவர்கள் பயந்தது நியாயம். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

உங்கள் மாமா வயலை விடவில்லை. சாம்பல் படிந்த மேல்மண்ணைச் சுரண்டி, அதை அதிகாரிகள் கொட்டச் சொன்ன இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். ஏரி வண்டலை அடித்தார். தழை உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, வளர்ந்ததும் மண்ணோடு மண்ணாக மடக்கி உழுதார். பழைய கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டு, மேட்டுப் பக்கம் இருக்கிற தாங்கல் தண்ணீரைக் கொண்டுவந்தார். தாங்கல் என்றால் மழைத் தண்ணீர் தேங்குகிற சின்ன ஏரி. விவசாய ஆபீசில் சொன்னபடி மண், தண்ணீர், இலை மூன்றையும் பரிசோதனைக்கு அனுப்பினார். முதல் தடவை சரியாக வரவில்லை. விளைந்ததை மறுபடியும் பிடுங்கிப் புதைத்தார். அந்த நாட்களில் அவர் கன்டெய்னர் யார்டில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டே, பொழுது சாய்வதற்குள் வந்து வயலில் இறங்குவார். அப்புறம் ஒரு பரிசோதனையில், சாப்பிடலாம் என்று தாள் வந்தது.

அன்றைக்கு உங்கள் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினாள். நிஜமாகவே ஆடினாள். சின்னவன் இடுப்பில் இருந்தபடி கூடவே ஆடினான்.

ஆனால் மாமாவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவர் நிலத்துக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கன்டெய்னர் வண்டி நிறுத்துகிற யார்டுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு புரோக்கர் மாமாவையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டிவிட்டால் அப்புறம் அது வயல் ஆகாது. மாமா என்னிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

"மாப்ளே, வெளைய வெச்சுட்டேன். ஆனா வாங்க ஆளு வேணுமே. ஆடி முடியறதுக்குள்ள யாராவது ஒருத்தராவது நம்ம ஊரு பேரச் சொல்லிக் கீரை கேட்டு வாங்கினா, மறுபடி வெதைக்கிறேன். இல்லாட்டி யார்டுக்காரனுக்குக் குடுத்துட வேண்டியதுதான். பாக்கி வாழ்க்கைய காவல்காரனா ஓட்டிக்கிறேன்."

அந்த முதல் அறுப்பு என் கையில் வந்தது. பிள்ளைகளா, அதில் நான் பண்ணின வேலையைக் கேளுங்கள். சுத்தமாக இருந்தால்தானே ஜனங்கள் நம்புவார்கள் என்று, வேரையெல்லாம் வெட்டி எறிந்தேன். லாரித் தண்ணீரில் பக்கெட் பக்கெட்டாக முக்கி அலசினேன். "குடிக்கத் தண்ணி இல்ல, கீரைக்குக் குளியலா?" என்று அம்மா கத்தினாள். நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பளபளவென்று அடுக்கி, பரிசோதனைத் தாளை லேமினேட் பண்ணி வண்டிக் கம்பியில் தொங்கவிட்டேன். தாள் இங்கிலீஷில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே சரியாகத் தெரியாது.

முதல் தெருவிலேயே ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தினார். "இன்னா கீரை, சுகர் ஏறிப்போச்சா? ரிப்போர்ட்ட மாட்டிக்கினு சுத்துற?"

பெண்கள் வந்தார்கள். பழக்கப்படி கட்டைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அங்கே வேர் இல்லை.

"வேரு எங்கப்பா?"

"வெட்டிட்டேம்மா, சுத்தமா இருக்கட்டும்னு."

"மண்ண ஏன் கழுவுன? மண்ணுல இன்னா கீது?"

அதோடு சரி. எல்லாரும் கட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்தில் கூடை வைத்து மீன் விற்கிற அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தது. கடலோரக் குப்பத்து ஆள். உங்களைப் பார்த்தால் கன்னத்தைக் கிள்ளுமே, அதே அக்காதான். கூட்டம் கலைந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டது.

"யோவ், உனுக்கு புத்தி கீதா? நான் மீனோட செவுள அறுத்துப் போட்டுட்டுக் கூடையில வெச்சா நீ வாங்குவியா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"செவுள் செவப்பா இருக்கான்னு பாக்கணுமே."

"அப்ப அவளுங்க எத்தப் பாத்து வாங்குவாளுங்க? பாக்குற எடத்தையே வெட்டி எறிஞ்சுட்டு நிக்குது பாரு, பேஜாரு."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது. "முகத்துவாரத்துல எண்ணெ கொட்டி மெதந்த வருசம், என் கூடையப் பாத்தாலே மூக்க மூடிக்கினு போனாங்க. ஆழ்கடல் மீனுன்னு சத்தியம் பண்ணேன். யாரு கேட்டா? மெல்ல மெல்லத்தான் வந்தாங்க. உன் கஸ்டம் எனுக்குப் புரியுது நைனா."

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்ப நீயே ஒரு கட்டு வாங்கேன்க்கா."

அக்கா சட்டென்று பின்னால் நகர்ந்தது. "நானா? நான் மாட்டேம்பா. எனுக்கும் பயமா கீது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தது. மறுநாள் முதல் வேரோடும் மண்ணோடும் கொண்டு வந்தேன். இப்போது நின்று பார்த்தார்கள், முகர்ந்தார்கள், "நல்லாத்தான் கீது" என்றும் சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். நான் ஊர் பேரைச் சொன்னதும், கீரைக்குப் பக்கத்தில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

வெங்காயம் விற்கிற தோஸ்து ஒருத்தன் ஒரு வழி சொன்னான். "செங்குன்றம்னு சொல்லிட்டுப் போயேன் மாமு. வண்டி காலியாயிடும்." வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது.

"எங்க ஊருக்குப் பேரு இல்லியா? வேற ஊரு பேருல வித்தா, வித்தது அந்த ஊருதான். எங்க அண்ணன் வயலு அப்பவும் செத்ததாத்தானே கெடக்கும்?"

செங்குன்றம் பேச்சை அதோடு விட்டேன். விற்காத கீரையைத்தான் தினம் நம்ம வீட்டில் பொரியல், மசியல், கூட்டு, அடை என்று மாற்றி மாற்றிப் பண்ணிக்கொண்டிருந்தாள். பெரியவள் "இன்னிக்கும் பச்சையா?" என்று அழுத காலம் அது. இப்போது கரண்டி ஆளிடம் சண்டை போடுகிறவளும் அவள்தான்.

ஆடி பிறந்தது. மீன்கார அக்காவுக்கு அந்த வருஷம் ஒரு வேண்டுதல். மகன் படகில் போய்ப் பத்திரமாகத் திரும்பியதற்காக மடிப்பிச்சை எடுத்துக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தது. மடிப்பிச்சை என்றால், மஞ்சள் புடவை கட்டி, வேப்பிலை சொருகி, வீடு வீடாகப் போய் முந்தானையை மடியாகப் பிடித்து நீட்டுவது. கேழ்வரகு, அரிசி, காய், எது போட்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அம்மனுக்கு ஆகிற கூழைக் கடையில் வாங்கிக் காய்ச்சக் கூடாது, கேட்டு வாங்கிக் காய்ச்ச வேண்டும். இன்னொன்றும் உண்டு. நீட்டின மடியை வெறுமனே மடக்கக் கூடாது.

ஒரு காலையில் அக்கா என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றது. பின்னால் தெருப் பெண்கள். பழக்கத்தில் மடியை நீட்டிவிட்டது.

"ஆத்தாளுக்குக் கீரை போடுப்பா."

நீட்டின பிறகுதான் வண்டியில் என்ன கீரை இருக்கிறது என்று அக்காவுக்கு உறைத்தது. எனக்கும் கை எழவில்லை. அம்மன் பானையில் போடுகிற பொருள். குடிக்கப் போகிறது தெருப் பிள்ளைகள். போடாமல் இருந்தால் சாமிக்கு மறுத்த மாதிரி. போட்டால் ஏமாற்றின மாதிரி ஒரு கூச்சம். எலுமிச்சம்பழம் வாங்க வந்திருந்த நர்ஸம்மா குறுக்கே வந்தார். நம்ம தெருக்கோடி வீடு, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்.

"அக்கா, அந்தக் கீரை வேணாம். சாம்பல்ல ஈயம், கண்டதும் இருக்கும். கூழு குடிக்கிறது பூரா சின்னப் புள்ளைங்க. என் பொண்ணும் வருவா."

"அதுக்கு நீட்டின மடிய மடக்கச் சொல்றியா?"

"கீரை மட்டும் வேற வண்டியில வாங்கிக்கலாமே?"

"சாமி குத்தமாயிடும்டி" என்றது ஒரு குரல். "கொழந்தைங்க வவுத்துக்கு ஆவாதது சாமிக்கு மட்டும் ஆவுமா?" என்றது இன்னொரு குரல். அரைத் தெரு கூடிவிட்டது. ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அக்கா மடியை நீட்டினபடியே நின்றுகொண்டிருந்தது.

"சீக்கிரம் முடிவு பண்ணுங்கடி. கை கடுக்குது."

நான் எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் அள்ளி அக்கா மடியில் போட்டேன். "இந்தாக்கா, இப்ப மடி வெறும் மடி இல்ல. கீரை விசயத்துல என்னை நம்பாதே. நம்ப வேணாம்னு நானே சொல்றேன். வயலு ரயிலு ஏறினா வந்துடும். வந்து பாருங்க. பார்த்துட்டு வேணாம்னா நான் வாய தொறக்கமாட்டேன்."

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தது. "செரி. கீரை பாக்கி கீது. அத்த வெளைஞ்ச எடத்துலயே போய்க் கேக்குறேன். குடுக்குறவன் மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுடும்."

"மூஞ்சியில ஈயம் தெரியாதுக்கா" என்றார் நர்ஸம்மா. "நானும் வரேன். அண்ணா, தொங்குதே அந்த ரிப்போர்ட்டு, அதைக் கழட்டி எடுத்துகினு வாங்க."

மறுநாள் காலையில் போன அந்த ரயில் பயணத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது. மஞ்சள் புடவையில் ஒரு பெட்டி நிறையப் பெண்கள், கூடவே நீங்களும் அம்மாவும். சுண்டல், முறுக்கு, சண்டை, பாட்டு. டிக்கெட் பரிசோதகரையே மடி நீட்டி மிரட்டினார்கள். அவர் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். எண்ணூர் தாண்டியதும் பெரியவள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "மாமா வூட்டுப் புகைக்கூண்டு வந்துகினு கீது!" என்று கூவினாள்.

மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். வயலில் அந்தச் சட்டையில் அவரை நான் பார்த்ததே இல்லை. பதற்றத்தில் "வாங்க" என்று இரண்டு தடவை சொன்னார். தாங்கலைக் காட்டினார். தண்ணீர் வருகிற வாய்க்காலைக் காட்டினார். நர்ஸம்மா வாய்க்கால் கூடவே நடந்துபோய், அது எங்கேயிருந்து கிளம்புகிறது என்று பார்த்துவிட்டு வந்தார். மீன்கார அக்கா யாரையும் கேட்கவில்லை. நேராகப் பாத்தியில் குந்தி, முழங்கை வரைக்கும் கையை விட்டுக் கிளறியது.

"இன்னாக்கா தேடுற?"

"புழு. எண்ணெ வந்தப்ப சேத்துல புழு பூச்சி ஒண்ணு இல்ல. அது திரும்பி வந்தப்புறம்தான் எறா வந்துச்சு."

கை வெளியே வந்தபோது விரலில் ஒரு மண்புழு நெளிந்தது. பெரியவள் போட்ட கூச்சலில் கொக்கு பறந்துவிட்டது. அக்கா அந்தப் புழுவைத் தலைச்சன் பிள்ளை மாதிரி எல்லாருக்கும் காட்டியது.

நர்ஸம்மா சிரித்தார். "புழு இருந்தா மண்ணு உயிரோட கீதுன்னு அர்த்தம். விஷம் இருக்கா இல்லியான்னு புழு சொல்லாதுக்கா." தாளைக் கையில் வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்தார். ஈயம் எவ்வளவு இருக்கலாம், இதில் எவ்வளவு இருக்கிறது என்று பருப்பும் உப்பும் சொல்கிற மாதிரி புரிய வைத்தார். அத்தனை நாள் என் வண்டியில் சும்மா ஆடிக்கொண்டிருந்த தாள் அன்றைக்குத்தான் பேசியது.

"நீ பேப்பரப் பாத்துக்கோ, நான் புழுவப் பாத்துக்கறேன்" என்றது அக்கா. "ரெண்டும் செரின்னா செரி." புடவையை உதறி, மாமாவுக்கு முன்னால் போய் மடியை நீட்டியது. "ஆத்தாளுக்குக் கீரை போடு ராசா."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் மாமா குனியவில்லை.

"கொஞ்சம் இரும்மா. இன்னும் ஒரு எடம் பாக்கி கீது."

அவர் எந்த இடத்தைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். கிழக்கு மூலைப் பள்ளம். அன்று காலையிலிருந்து நான் எல்லாரையும் அந்தப் பக்கம் போகாமல், "இப்படி வாங்க, இங்க நெழலு கீது" என்று திருப்பிக்கொண்டே இருந்தேன். ஓடிப்போய் அவர் காதில் சொன்னேன். "மச்சான், இன்னிக்கு எதுக்கு அத்தக் காட்டற? எல்லாம் கூடி வந்துச்சு."

அவர் என் கையை மெதுவாக விலக்கினார்.

மூலையில் சவுக்குக் கழி நட்டு, பழைய புடவையைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார். உள்ளே ஒரு புல்கூட இல்லை. மண் இன்னும் சாம்பல் நிறம். மாமா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இந்த எடம் இன்னும் செரியாவலம்மா. பள்ளம்ன்றதால சாம்பல் ஆழமா எறங்கிப்போச்சு. பரிசோதனையிலயும் இது தேறல. இங்க நான் வெதைக்கறதில்ல. இங்கேருந்து தண்ணி அந்தாண்ட போவாம வரப்ப ஒசத்திட்டேன். ஆத்தா மடியில போடறதுக்கு முன்னாடி இத்தச் சொல்லிடணும். இதுக்கு மேல வேணும்னாலும் சரி, வேணாம்னாலும் சரி."

நர்ஸம்மா உசத்தின வரப்பின் மேல் ஏறி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தார். காலால் அழுத்திப் பார்த்தார். ஒரு இடத்தில் நண்டு வளை இருந்தது. "இங்க ஓட்டை கீதே, தண்ணி கசியாதா?" என்று கேட்டார். மாமா உடனே வேட்டியை மடித்துக் கட்டி, இஸ்திரிச் சட்டையோடு மண்ணை அள்ளி அடைத்து மிதித்தார். நர்ஸம்மா அதையும் நின்று பார்த்தார். இறங்கி வந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"காலையிலேருந்து நீங்க எங்கள இந்தப் பக்கம் வுடாம தள்ளிக்கினு போனீங்களே, அப்பவே எனக்குச் சந்தேகம். திரும்பிப் போனதும் வேணாம்னு சொல்லணும்னுதான் நெனச்சுகினு இருந்தேன்." பிறகு மாமா பக்கம் திரும்பினார். "கெட்டது எதுன்னு காட்டறவரு, நல்லதுன்னு சொன்னா நம்பலாம். போடுங்கண்ணா."

மாமா முதல் பிடி முளைக்கீரையை அக்கா மடியில் போட்டார். வேரோடு, மண்ணோடு. அவ்வளவுதான், பெண்கள் அத்தனை பேரும் பாத்திக்குள் இறங்கிவிட்டார்கள். ஒருத்தி சிறுகீரையை ஆய்ந்தாள், ஒருத்தி தண்டுக்கீரையை இழுத்து மல்லாக்க விழுந்தாள். குப்பத்துப் பெண்கள் வலையை வாரி இழுக்கிற மாதிரி கொத்துக் கொத்தாக அள்ளினார்கள். "அடியே, அது மீனு இல்ல, ஓடாது, மெதுவாப் பறி!" என்று உங்கள் அம்மா கத்திக்கொண்டே சிரித்தாள். சேறு படாத புடவை ஒன்றுகூட இல்லை.

திரும்பும்போது ரயிலில் ஒருவர் கேட்டார். "எந்த ஊரு கீரைம்மா?"

மீன்கார அக்கா எழுந்தே நின்றுவிட்டது. "வள்ளூரு! இன்னா இப்போ?"

அவர் பாவம், கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகிறவர். ஒரு கட்டுக் கிடைக்குமா என்றுதான் கேட்டார்.

கூழ் ஊற்றிய அன்று மாமாவும் வந்தார். எல்லாரும் கூப்பிட்டும் பந்தல் பக்கம் போகாமல், விளக்குக் கம்பத்தை ஒட்டியே நின்றார். கருவாட்டுக் குழம்பு ஒரு அடுப்பில், கலவைக் கீரை ஒரு அடுப்பில். பூசை முடிந்தது. கூழை எல்லாரும் வாங்கினார்கள். கீரைக் குண்டான் பக்கம் வரும்போது கொஞ்சம் தயங்கினார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது நர்ஸம்மா தன் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். குண்டானுக்கு முன்னால் நிறுத்தி, தானே கரண்டியை எடுத்து, அந்தப் பிள்ளையின் தட்டில் கீரையை வைத்தார். அது ஒரு வாய் தின்றுவிட்டு, "காரம் கம்மி" என்றது. கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. அதற்கப்புறம் குண்டானைச் சுற்றி நிற்க இடமில்லை.

எல்லாரும் சாப்பிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் மட்டும் கூழோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்றுவரைக்கும் அவர்கள் நம்மிடம் கீரை வாங்குவதில்லை. அது அவர்கள் பிள்ளைகள், அவர்கள் இஷ்டம். பார்த்தால் நல்லபடியாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

கூட்டம் குறைந்த நேரத்தில், எப்போதும் வேரை முகர்ந்து பார்க்கும் மாடி வீட்டு அம்மா தட்டைக் கழுவிக்கொண்டே என்னைக் கேட்டார். "ஏம்பா கீரை, நாளைக்கு வண்டியில வள்ளூர்க் கீரை வருமா? வந்தா எனுக்கு ரெண்டு கட்டு எடுத்து வையி."

நான் மாமாவைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டுவிட்டது. நேராகக் கீரைக் குண்டானுக்குப் போய்த் தட்டை நீட்டினார். நர்ஸம்மா கீரையை வைத்துக்கொண்டே, "அந்த மூலைக்கு அடுத்த பரிசோதனை எப்போண்ணா? தாள் வந்ததும் என்கிட்ட கொண்டாங்க, படிச்சுச் சொல்றேன்" என்றார். மாமா தலையை ஆட்டிவிட்டு ஒரு வாய் வைத்தார். சரியாக அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. புரோக்கர்.

ஒரு கையில் தட்டு, ஒரு கையில் போன், வாயில் கீரை. மாமா சொன்னார்: "இல்ல சார், எடம் குடுக்கறதுக்கில்ல. அடுத்த வெள்ளாமைக்கு வெதச்சுட்டேன் சார்."

போனை வைத்ததும் உங்கள் அம்மா இடுப்பில் கையை வைத்தாள். "எப்ப அண்ணே வெதச்ச? வெதையே இன்னும் வாங்கலியே!"

மாமா தட்டை வழித்துத் தின்றுவிட்டு என்னைப் பார்த்தார். "மாப்ளே, வெதக் கடை தொறந்திருக்குமா?"

அப்படியே கிளம்பினோம். மாமாவும் நானும் முன்னால். வண்டிப் பலகையில் அம்மா, அம்மா மடியில் சின்னவன். பெரியவள் நின்றுகொண்டு, ஏற்ற ஒரு கட்டுக்கூட இல்லாத வெறும் வண்டியிலிருந்து தெரு பூராவும் கேட்கிற மாதிரி கூவிக்கொண்டே வந்தாள். "அரைக்கீரேய்! சிறுகீரேய்! வள்ளூர்க் கீரேய்!" இரண்டு பேர் பையோடு வெளியே வந்து ஏமாந்து போனார்கள். நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.